மலைவீட்டை மழையில் காட்டுங்கள்

கீழ்ப்பழனி மலையில், சித்தரேவு, அய்யம்பாளையம் பகுதியிலிருந்து தாண்டிக்குடிக்கு ஏறும் சாலையில் இருக்கிறது பெரும்பாறை. அந்தச் சாலையின் வளைவுகளில் 'வீடு விற்பனைக்கு' என்னும் பலகைகளைச் சில ஆண்டுகளாக அதிகம் காண்கிறேன். சில புதியவை. சிலவற்றில் கைப்பேசி எண்ணின் கடைசி இலக்கங்கள் மழையில் கரைந்துவிட்டன. வீடு மட்டும் இன்னும் விலைபோகவில்லை. எங்கள் குடும்ப வீட்டு வாசலிலும் அப்படியொரு பலகை மூன்று ஆண்டுகள் தொங்கியது.

காபிக்கும் மிளகுக்கும் வாழைக்கும் நடுவே என் பெரிய மாமா கட்டிய வீடு அது. மங்களூர் ஓட்டுக் கூரை, முன்புறம் காபி உலர்த்தும் சிமென்ட் களம், பின்புறம் மலைச்சரிவு. மாமா காலமான பிறகு, சென்னை, கோவை, பெங்களூரு என்று பிரிந்துவிட்ட பிள்ளைகளில் எவரும் அங்கே வாழப்போவதில்லை என்பது உறுதியாயிற்று. பணி ஓய்வு பெற்றவன் என்பதால் வீட்டை விற்றுக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மலையில் ஒரு வீடு கைமாறுவதற்குள் எத்தனை உண்மைகள் மறைக்கப்படுகின்றன என்பதை அந்த மூன்று ஆண்டுகளில் அருகிருந்து பார்த்தேன். இந்தக் கட்டுரைக்குக் காரணம் அதுதான்.

இது ஒரு குடும்பத்தின் சிக்கலன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் 33 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளையும் கட்டடங்களையும் எண்ணியபோது, ஏறத்தாழ 2.46 கோடி காலியாகக் கிடந்தன. 2001-இல் அந்த எண்ணிக்கை 1.58 கோடி. நகரத்தில் காலியாக இருக்கும் அடுக்கக வீடு பல ஆண்டுகள் தாங்கும். மலைவீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஓடு ஒன்று நகர்ந்தால் அடுத்த பருவமழைக்குள் உத்தரம் நனைகிறது. அதற்கடுத்த ஆண்டு கரையான் வருகிறது. விற்காமல் கழியும் ஒவ்வோர் ஆண்டும் வீட்டின் மதிப்பை மட்டுமல்லாமல் வீட்டையே தின்கிறது.

விலைபோகாத வீட்டை எப்படிக் கவர்ச்சியாக்குவது? நான் கலந்து பேசிய தரகர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். சுவர்களுக்குப் பளபளப்பான வண்ணம் பூசுங்கள். முன்பக்க மரச் சன்னல்களை எடுத்துவிட்டு முழுநீளக் கண்ணாடி போடுங்கள். பின்புறச் சரிவை வெட்டி இரண்டு கார் நிற்க இடம் செய்யுங்கள். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி கான்கிரீட் மேடை ஒன்று கட்டி 'வியூ பாயிண்ட்' என்று சொல்லுங்கள். பனிமூட்டம் சூழ்ந்த காலையில் படம் எடுத்து இணையத்தில் போடுங்கள். வாங்க வருபவரைச் சித்திரை, வைகாசியில் வரச்சொல்லுங்கள்; கீழே வெயில் கொளுத்தும்போது மேலே வருகிறவர் மயங்கிவிடுவார்.

இந்த யோசனைகளில் பாதி பயனற்றது, மீதி ஆபத்தானது. வண்ணத்தையே எடுத்துக்கொள்வோம். மலைவீட்டின் பழைய சுவர் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி, வெயில் காலத்தில் அதை வெளியே விடுகிறது. சுண்ணாம்பு அதற்கு இடம் கொடுக்கும். அதன்மீது பிளாஸ்டிக் தன்மையுள்ள எமல்ஷனைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஒரு மழைக்காலத்துக்குள் பூச்சு கொப்புளித்து உதிரும். வைகாசியில் பார்த்து வாங்கியவர் கார்த்திகையில் தொலைபேசியில் என்ன சொல்வார் என்று எழுத வேண்டியதில்லை.

சரிவை வெட்டுவது அதைவிடக் கொடுமை. மலைச்சரிவின் மண், அதன் அடிப்பகுதியின் தாங்கலில் நிற்கிறது. கார் நிறுத்த அடியை வெட்டினால் மேலேயுள்ள மண் தாங்கலை இழக்கிறது. மழைநீர் உள்ளே இறங்கும்போது மண்ணின் எடை கூடுகிறது, பிடிமானம் குறைகிறது. வெட்டிய இடத்தில் தடுப்புச் சுவர் எழுப்பிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்தச் சுவரில் நீர் வெளியேறத் துளைகளும், அதன் பின்னால் நீரை வடிக்கும் கல் நிரப்பும் இல்லையென்றால், தேங்கும் நீரின் அழுத்தமே சுவரைத் தள்ளிவிடும். பழனி மலையின் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் முதன்மையான மழை. ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சாலைகளில் மண் சரிந்து போக்குவரத்து நிற்பது உள்ளூர்க்காரர்களுக்குப் புதிய செய்தி அல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலைகளைக் கடந்தபோது சரிந்த மண்ணையும் விழுந்த மரங்களையும் இன்னும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கொடைக்கானல் மலைப்பகுதியில் பொக்லைன் போன்ற கனரக இயந்திரங்களுக்கும் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் கட்டுப்பாடு விதித்திருப்பது சும்மா அல்ல.

கண்ணாடி, மேடை ஆகியவற்றைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். நாம் விற்கும் 'வியூ' பெரும்பாலும் அடுத்தவர் நிலத்தின்மீது இருக்கிறது. கீழ்த்தோட்டக்காரர் நாளை ஒரு மாடி எழுப்பினால் பள்ளத்தாக்கு மறைந்துபோகும். பத்திரத்தில் காட்சிக்குச் சர்வே எண் கிடையாது.

எங்கள் வீட்டைப் பார்க்க வந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தேன். தொடக்கத்தில் வந்தவர்கள் குளிரைப் பற்றியும் வாஸ்துவைப் பற்றியும் கேட்டார்கள். (சரிவில் கட்டிய வீட்டின் வாசல் எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பதை மலை தீர்மானிக்கிறது, மனையடி சாஸ்திரம் அன்று. இதைச் சொன்னதால் ஒரு வாடிக்கையாளரை இழந்தேன்.) 2024 ஜூலை 30-இல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் நிலச்சரிவில் புதைந்த பிறகு கேள்விகள் மாறின. வீட்டின் பின்னால் மலை எவ்வளவு செங்குத்து? மழைநீர் எந்த வழியாகப் போகிறது? ஓடையிலிருந்து எவ்வளவு தூரம்? தண்ணீர் ஊற்றிலிருந்து வருகிறதா, அந்தக் குழாய் யார் நிலத்தின் வழியே வருகிறது? யானை வருமா? மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலியல் கூருணர்வுப் பகுதிக்கான வரைவு அறிவிக்கை அதே ஜூலை 31-இல் மீண்டும் வெளியாயிற்று. அதில் தமிழ்நாட்டின் 6,914 சதுர கிலோமீட்டர் இடம்பெற்றிருக்கிறது. உங்கள் சர்வே எண் அதற்குள் வருகிறதா என்று கேட்டவர்களும் உண்டு.

இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூடப் புது வண்ணம் பதில் சொல்லாது.

அடுத்த கேள்வி பத்திரம். இங்கேதான் மலைவீடுகளில் பெரும்பாலானவை தடுமாறுகின்றன. தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, மனைப்பிரிவு ஒப்புதல் இல்லாமல், வெறும் கிரயப் பத்திரத்தில் விற்றது தமிழகமெங்கும் நடந்த கதை. 2016 செப்டம்பர் 9-இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபோதுதான் பலருக்குத் தங்கள் கையிலிருப்பது என்ன என்பதே தெரிந்தது. 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. மலைப்பகுதிகளுக்கு என்று தனி விதிகள் வந்தது 2020-இல். வரன்முறைப்படுத்தாத மனையில், வரைபட ஒப்புதல் இல்லாமல் கட்டிய வீட்டுக்கு வங்கி கடன் தராது. கடன் இல்லையென்றால், வாங்கக்கூடியவர் முழுத்தொகையையும் கையில் வைத்திருப்பவர் மட்டுமே. ஆசிரியர், ஓய்வுபெற்ற ஊழியர், உள்ளூர் இளைஞர் ஆகியோர் அந்த நொடியே பட்டியலிலிருந்து விலகுகிறார்கள். வீடு விலைபோகவில்லை என்று நாம் சொல்வதில் பாதி, வாங்கக்கூடியவர்களை நாமே வடிகட்டி வெளியே தள்ளிவிட்டோம் என்பதுதான்.

'இங்கே ஹோம்ஸ்டே நடத்தலாம், மாத வருமானம் வரும்' என்று சொல்லி விற்பது இப்போதைய வழக்கம். கொடைக்கானலுக்குச் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமான பிறகு, 'கூட்டம் இனி கீழ்மலைக்குத்தான்' என்று தரகர்கள் என்னிடமும் சொன்னார்கள். அதே நீதிமன்றம் விதிமீறிய கட்டடங்களைப் பற்றிப் பிறப்பித்த உத்தரவுகளையும், 2019-இல் கொடைக்கானலில் கட்டடங்கள் பூட்டி முத்திரையிடப்பட்டதையும் அவர்கள் சொல்வதில்லை. குடியிருப்புக்கென்று ஒப்புதல் பெற்ற வீட்டை விடுதியாக நடத்தினால் என்ன நேரும் என்பதை வாங்கியவர் தனியாகத்தான் எதிர்கொள்ள வேண்டும்.

விற்பவர் உண்மையைச் சொல்லவேண்டும் என்பது புதிய கோரிக்கை அன்று. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55, இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சொத்திலோ உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதை வெளிப்படுத்தியாக வேண்டும். உரிமை ஆவணங்களைக் கேட்டால் பார்வைக்குத் தரவேண்டும். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கும் இந்தக் கடமையை நினைவூட்டும் படிவம் ஒன்றுகூட விற்பனையின்போது நம் கைக்கு வருவதில்லை. 2016-இல் வந்த மனை வணிகச் சட்டம் புதிய திட்டங்களைக் கட்டி விற்கும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. தனிநபர் ஒருவர் தம் பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்பது அதன் வரம்புக்குள் வருவதில்லை.

மறைத்து விற்றால் விற்பவருக்கு லாபம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைப் புரட்டிப்போட்டது. பழைய கார் சந்தையை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். எந்தக் கார் நல்லது, எது பழுதானது என்று வாங்குபவருக்குத் தெரியாதபோது, அவர் எல்லாக் காருக்கும் சராசரித் தரத்துக்கான விலையை மனத்தில் வைத்தே பேசுவார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்குத் தர மனமில்லாமல் சந்தையைவிட்டு விலகுவார். பழுதானவை மிஞ்சும், விலை இன்னும் இறங்கும். 2001-இல் இவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கீழ்மலையில் வீடு பார்க்க வருபவரின் நிலையும் இதுவே. எந்தச் சரிவு நிலையானது, எந்தப் பத்திரம் சுத்தமானது என்று அவருக்குத் தெரியாது. ஆகவே எல்லா வீட்டையும் சந்தேக விலைக்குக் கேட்கிறார். நல்ல வீட்டுக்காரருக்கு அது அவமதிப்பாகப் படுகிறது. பலகை தொங்கிக்கொண்டே இருக்கிறது.

ஜப்பானின் 2023 கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் காலியாக இருக்கின்றன. மொத்த வீடுகளில் 13.8 விழுக்காடு. மலைக்கிராமங்கள் நிறைந்த அந்த நாட்டில் பல உள்ளாட்சிகள் காலி வீடுகளின் பட்டியலைத் தாங்களே பராமரிக்கின்றன. நம் கவனத்துக்குரியது வேறொன்று. உரிமம் பெற்ற முகவர் வழியாக வீடு வாங்குபவருக்கு, ஒப்பந்தத்துக்கு முன்பே முக்கிய விவரங்களை எழுத்தில் தந்து விளக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வீடு நிலச்சரிவு எச்சரிக்கைப் பகுதியில் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்டிலிருந்து, வெள்ள அபாய வரைபடத்தில் அந்த வீடு எங்கே இருக்கிறது என்று காட்டவும் வேண்டும். ஸ்காட்லாந்தில் 2008 டிசம்பரிலிருந்து, வீட்டை விற்பனைக்கு வைப்பவரே கட்டடத்தின் நிலையைப் பற்றிய ஆய்வறிக்கையைத் தம் செலவில் தயாரித்துத் தருகிறார். இங்கிலாந்து 2007-இல் கொண்டுவந்த ஆவணத் தொகுப்பு முறையோ 2010-இல் கைவிடப்பட்டது. கட்டடத்தின் நிலை பற்றிய அறிக்கையைக் கட்டாயப் பட்டியலிலிருந்து முன்னரே நீக்கிவிட்டு, காகிதங்களை மட்டும் கட்டாயமாக்கினார்கள். வாங்குபவர் அறிய விரும்பிய ஒன்றை விட்டுவிட்ட தொகுப்புக்கு மதிப்பில்லாமல் போனதில் வியப்பில்லை.

தமிழகத்தில் சொத்து வாங்குபவர் வழிகாட்டி மதிப்பின் அடிப்படையில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு செலுத்துகிறார். இவ்வளவு பெற்றுக்கொள்ளும் அரசு, பத்திரத்தைப் பதிவு செய்கிறதே தவிர உரிமைக்கு உத்தரவாதம் அளிப்பதில்லை. மலைக்கிராமங்களில் நடைபெறும் வீட்டு விற்பனைக்கு மட்டுமாவது, பத்திரத்துடன் ஒரு பக்க நிலை அறிக்கையை இணைப்பதைக் கட்டாயமாக்கலாம். கட்டிய ஆண்டு, ஒப்புதல் எண், வெட்டப்பட்ட சரிவு உண்டா, தடுப்புச் சுவரின் நிலை, நீர் ஆதாரமும் அதற்கான வழி உரிமையும், பாதை பொதுவா தனியாரதா, கடந்த பத்தாண்டுகளில் மண்சரிவு நேர்ந்ததா, வன எல்லைக்கு எவ்வளவு தூரம் என இதில் கேட்க வேண்டியவை அதிகமில்லை. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் தயாரித்துள்ள நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்கள் 1:50,000 அளவிலானவை. அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரை கிலோமீட்டர். ஒரு வீட்டின் தலையெழுத்தை அதில் படிக்க முடியாது. கொல்லைப்புறச் சுவரில் மழையன்று நீர் எங்கே கசிகிறது என்பது அங்கே வாழ்ந்தவருக்குத்தான் தெரியும். அதனால்தான் அந்த அறிக்கையில் விற்பவரின் கையெழுத்து வேண்டும் என்கிறேன்.

இது விற்பவருக்குச் சுமை என்று சிலர் சொல்லக்கூடும். வயதான விவசாயி ஒருவருக்கு இன்னொரு படிவம், இன்னொரு அலைச்சல் என்பது நியாயமான கவலைதான். ஆனால் இன்று அதே விவசாயி, தரகர் பேச்சைக் கேட்டுக் கடன் வாங்கிச் சரிவை வெட்டுகிறார், மேடை கட்டுகிறார். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் படிவம் எளிது.

விலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நாங்களும் அங்கேதான் தவறினோம். பக்கத்துத் தோட்டத்து வீடு நல்ல காலத்தில் என்ன விலைக்குப் போனது என்பது குடும்பத்தில் அனைவருக்கும் மனப்பாடம். அதற்குக் கீழே இறங்க எவருக்கும் மனமில்லை. 1990-களின் பாஸ்டன் நகர அடுக்கக விற்பனைகளை ஆராய்ந்த டேவிட் ஜெனிசோவ், கிறிஸ்டபர் மேயர் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இதே மனப்போக்கைக் கண்டது. வாங்கிய விலைக்குக் கீழே விற்கவேண்டிய நிலையில் இருந்தவர்கள் சந்தை விலைக்கு மேல் கேட்டார்கள், நெடுநாள் காத்திருந்தார்கள். காத்திருப்பதற்கும் விலை உண்டு. இரண்டாவது ஆண்டிலிருந்து வருபவர்களின் முதல் கேள்வியே, 'ஏன் இத்தனை நாளாக விற்கவில்லை?' என்பதாகிவிட்டது. அதற்கு நாங்கள் சொன்ன எந்தப் பதிலும் எங்களுக்கே உண்மையாகத் தோன்றவில்லை.

மூன்றாவது ஆண்டில் மாமாவின் பிள்ளைகளை ஒருநாள் இணையவழியில் கூட்டிப் பேசினேன். வண்ணத்துக்கும் மேடைக்கும் ஒதுக்கிய பணத்தை வேறு வேலைக்குத் திருப்பினோம். உடைந்த ஓடுகளை மாற்றினோம். பின்புறம் மழைநீர் வடிகாலைத் தூர்வாரி, கல் பரப்பி, ஓடைவரை கொண்டுசென்றோம். பழைய தடுப்புச் சுவரில் அடைபட்டிருந்த நீர்த்துளைகளைத் திறந்தோம். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். வீட்டை ஒட்டி நின்ற பலாமரத்தில் காய்களைப் பிஞ்சிலேயே இறக்கச் சொன்னோம். பழுத்த பலாவின் மணம் யானைக்கு அனுப்பும் அழைப்பிதழ். வாரிசுச் சான்று, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் அனைத்தையும் ஒரே கோப்பில் சேர்த்தோம். பட்டாவில் இன்னும் மாமாவின் பெயரே இருந்தது; அதை மாற்றுவதற்கே நான்கு மாதம் பிடித்தது. குடிநீர்க் குழாய் கடந்து வரும் நிலத்துக்காரரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்றோம். கோப்பின் மேல் ஒரு தாள் வைத்தோம். அதில் வீட்டின் குறைகளை நானே எழுதினேன்: மேற்குச் சுவரில் ஈரம் உண்டு, கோடைக்கடைசியில் ஊற்று மெலியும், கனமழையில் சாலை அடைபடும் நாள்கள் உண்டு, கைப்பேசி அலைவரிசை களத்தின் ஓரத்தில் மட்டும் கிடைக்கும். அந்தத் தாளைப் பார்த்த தரகர் என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

வாங்க விரும்புவோரை ஐப்பசியில் வரச் சொன்னோம். இருவர் மழை நிற்கட்டும் என்று தள்ளிப்போட்டுப் பிறகு வரவேயில்லை. மூன்றாவதாக வந்தவர் திண்டுக்கல்லைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. குடையைப் பிடித்தபடி வீட்டுக்குள் நுழையாமல் நேராகக் கொல்லைப்புறம் போனார். தடுப்புச் சுவரின் துளைகளிலிருந்து நீர் தெளிவாக வழிவதையும், அது வடிகாலில் சேர்ந்து ஓடையை நோக்கிப் போவதையும் வெகுநேரம் பார்த்தார். மண் கலங்கி வந்தால்தான் கவலைப்படவேண்டும் என்று அவராகவே சொன்னார். அவர் வளர்ந்தது தாண்டிக்குடிப் பக்கமாம். பிறகு உள்ளே வந்து மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்தார், கோப்பை வாங்கிக்கொண்டு போனார். வழக்கறிஞர் ஒருவர் அதைப் படித்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. நாங்கள் முதலில் கேட்ட விலையைவிடக் குறைவாகவே பேசி முடிந்தது. இடையில் தேய்ந்த மூன்று ஆண்டுகளை எண்ணினால், முதல் ஆண்டிலேயே அந்த விலைக்குக் கொடுத்திருக்கலாம்.

பதிவன்று வத்தலக்குண்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஆசிரியை ஒன்றே ஒன்று கூடுதலாகக் கேட்டார். ஓடு மாற்ற மாமா வைத்திருந்த மூங்கில் ஏணி வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்.